தலைமைப் பண்பு வளர்க்க 40 ஆயிரம் ரூபாய்: பயிலரங்கைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

கரும்பலகை | ஜூலை 9, இரவு 10.20

வணக்கம். நான் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். மாணவர்களிடம் தலைமைப் பண்பு வளர்க்க என்று இந்த வருடம் 40,000 ரூபாய் ஒதுக்கி, பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வருடம் இதை வேறொருவர் நடத்தினார். உங்களில் பலருக்கும் பழகிய காட்சிதான். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர், சால்வை, நினைவுப் பரிசு, 180 பிள்ளைகள், நடுவில் தேநீரும் பிஸ்கட்டும். ஆடுகளோடு வளர்ந்த சிங்கக்குட்டி தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்த கதை. எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் வைத்த நாலு போட்டோ, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புக்கு ஓர் அறிக்கை, எல்லோருக்கும் சான்றிதழ். முடிந்ததும் அந்த 180 நாற்காலிகளையும் அலுவலக உதவியாளர் ஒருவரே தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஆறேழு பேர் சான்றிதழோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும் கவனிக்காமல் வெளியே போனவன்தான். பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன்.

அதே மாதிரி இன்னொன்று நடத்த மனம் வரவில்லை. படிக்கிற காலத்தில் உங்களுக்குத் தலைமைப் பொறுப்பு என்று ஏதாவது வாய்த்ததா? எங்கே, எப்படி?

---

தேநீர்க்கடை | ஜூலை 9, இரவு 10.41

அந்தச் சிங்கத்தை நானும் மூன்று கல்லூரிகளில் சந்தித்திருக்கிறேன். மூன்றிலும் அதே குளம்.

நாற்பதில் பாதி பேச்சாளருக்கே போயிருக்குமே சார்? கார் வாடகை தனி.

---

மெஸ்_செயலாளர் | ஜூலை 9, இரவு 11.55

எனக்கு வாய்த்தது விடுதிச் சமையலறையில்.

1991 முதல் 94 வரை அரசுக் கல்லூரி விடுதியில் இருந்தேன். மெஸ் டிவைடிங் சிஸ்டம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாதம் முழுக்க மளிகை, காய்கறி, பால், விறகு என்று ஆன செலவையெல்லாம் கூட்டி, எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் சாப்பாட்டின் விலை வரும். நீங்கள் எத்தனை நாள் சாப்பிட்டீர்களோ அத்தனை மடங்கு உங்கள் பில். ஆகவே செயலாளர் ஒரு மூட்டை அரிசியை விலை கூட வாங்கினால் அது 140 பேர் பாக்கெட்டிலிருந்தும் போகும். மாதம் ஒரு செயலாளர். என் முறை இரண்டாம் ஆண்டு செப்டம்பரில் வந்தது.

விடியற்காலை நாலரைக்கு மாஸ்டரோடு மார்க்கெட். முதல் வாரமே கத்திரிக்காய் மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு மூட்டை வாங்கிவிட்டேன். பொரியல், காரக்குழம்பு, கூட்டு, மறுபடி காரக்குழம்பு. ஐந்தாம் நாள் காலையில் என் அறைக் கதவில் ஒரு கத்திரிக்காயை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. மாதப் பாதியில் எண்ணெய்க் கணக்கு இடித்தது. டின் திறந்த தேதியை எழுதி வைத்துப் பார்த்ததில், சமையல் மாஸ்டர் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று தெரிந்துபோனது. வார்டனிடம் சொன்னால் அவர் வேலை போய்விடும். அவருக்கு மூன்று பிள்ளைகள். சொல்லாவிட்டால் 140 பேருக்குப் பதில் சொல்ல முடியாது. எனக்கு வயது 19. இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் அவரிடமே போய், "மாஸ்டர், இனிமே எண்ணெய் டின்னை நாம ரெண்டு பேரும் சேர்ந்தே திறப்போம்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த டின் நாலு நாள் கூடுதலாக வந்தது.

இன்று ஒரு நிறுவனத்தில் 60 பேரை வைத்து வேலை வாங்குகிறேன். அந்த டின்னைவிடச் சிக்கலான விஷயம் எனக்கு அதிகம் வந்ததில்லை. இப்போது பெரும்பாலான விடுதிகளில் கேட்டரிங் ஒப்பந்தம் விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஆப்பில் நட்சத்திரம் போடுகிறார்கள். சாப்பாடு நன்றாகக்கூட இருக்கலாம், ஆனால் அந்த நாலரை மணி மார்க்கெட் போய்விட்டது.

---

சார்ஜன்ட்_அக்கா | ஜூலை 10, காலை 6.05

கத்திரிக்காய்க் கதைக்கு ஒரு சல்யூட் அண்ணா.

என்னுடையது என்சிசி, அதாவது தேசிய மாணவர் படை. சார்ஜன்ட் வரை போனேன், 'சி' சான்றிதழும் வாங்கினேன். அவர்களிடம் ஓர் ஏணி இருக்கிறது: கேடட், லான்ஸ் கார்ப்போரல், கார்ப்போரல், சார்ஜன்ட் என்று ஏறி, உச்சியில் சீனியர் அண்டர் ஆஃபீசர். ஏணியில் ஏறுவது பெரிதல்ல. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாய் பகிர்ந்தவளை இன்று வரிசையில் நிற்க வைத்து "சாவ்தான்" (நேராக நில்) சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம். அவள் வேண்டுமென்றே மெதுவாக நிற்பாள். அங்கே கத்தினால் தோழி போய்விடுவாள், கத்தாவிட்டால் அணி போய்விடும். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நான் கண்டுபிடித்த வழி இவ்வளவுதான்: பூட் பாலிஷிலிருந்து எல்லாவற்றையும் அவர்களுக்கு ஐந்து நிமிடம் முன்பே நான் முடித்திருப்பது.

என்சிசியில் ஒரு குறையும் உண்டு. மேலிருந்து வரும் உத்தரவைச் செம்மையாக நிறைவேற்றக் கற்றுத் தரும், உத்தரவே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கற்றுத் தராது. அதை நான் கற்றது கல்யாணத்துக்கு அப்புறம். அது வேறு கதை.

---

வைகைக்கரை | ஜூலை 10, காலை 9.30

எல்லோரும் அழகாகச் சுற்றி வருகிறீர்கள், தேர்தல் என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை.

1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். அந்தப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற பெ. சீனிவாசன் 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரையே 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். காமராஜர் தோற்றது நல்லதா கெட்டதா என்பது வேறு இழை, அதை இங்கே திறக்க வேண்டாம். நான் சொல்வது, அந்தத் தலைமுறைக்குப் பயிலரங்கு நடத்தியவர் யாரும் இல்லை.

இன்று எத்தனை கல்லூரிகளில் மாணவர் பேரவைக்கு உண்மையான வாக்கெடுப்பு நடக்கிறது? பல இடங்களில் முதல் மதிப்பெண் வாங்கும் பையனைத் துறைத் தலைவர் பரிந்துரைப்பார், அவன் "தலைவர்" என்று பட்டை மாட்டிக்கொண்டு ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிப்பான். அவனுக்கு ஓட்டுப் போட்டவர் இல்லை, அதனால் அவனைக் கேள்வி கேட்பவரும் இல்லை. இதற்குப் பெயர் தலைமை என்றால் என் வீட்டு வாசலில் நிற்கும் திருஷ்டி பொம்மையும் காவல்காரன்தான்.

---

ஓய்வுபெற்ற_முதல்வர் | ஜூலை 10, பிற்பகல் 3.15

வைகைக்கரை தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. நான் நாற்காலிக்கு இந்தப் பக்கம் இருந்தவன், இரண்டு தேர்தல்களை நடத்தியவன். முதலாவதில் ஒரு பையன் மண்டை உடைந்தது. இரண்டாவதில் யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் வாக்குகள் ஊர்வாரியாக, சாதிவாரியாக அப்படியே கத்தி வைத்து அறுத்தது போல விழுந்திருந்தன. எண்ணி முடித்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. மூன்றாம் வருடம் நியமனத்துக்கு மாறினேன். பயந்துதான் மாறினேன், மறைக்கவில்லை.

ஆனால் விதி இல்லாமல் இல்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006இலேயே உத்தரவிட்டது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான். வருகைப் பதிவு குறைந்தது 75 சதவீதம். போட்டியிடும் வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது. கட்சி ஆட்கள் உள்ளே வரக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை அமல்படுத்த முதல்வருக்கு முதுகெலும்பு வேண்டும், எனக்கு அப்போது அது கொஞ்சம் வளைந்திருந்தது.

---

மெஸ்_செயலாளர் | ஜூலை 10, மாலை 5.02

ஐயா இப்படி வெளிப்படையாகச் சொன்னதே பெரிது.

வைகைக்கரை, தேர்தல் வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் ஜெயித்தவனுக்கு உள்ளே என்ன அதிகாரம்? எங்கள் கல்லூரியிலும் பேரவைத் தலைவர் இருந்தார். ஜீப்பில் ஊர்வலமெல்லாம் போனார். வருடம் முழுக்க அவர் எடுத்த ஒரே முடிவு, ஆண்டு விழாவுக்கு எந்த நடிகரைக் கூப்பிடுவது என்பது. அந்த நடிகரும் வரவில்லை. மாதம் 140 பேர் சாப்பாட்டுப் பணம் என் கையில் இருந்தது. எது தலைமை?

---

வைகைக்கரை | ஜூலை 10, மாலை 5.20

இரண்டும் சேர்ந்தால்தான். சரி, கத்திரிக்காய்க்கு ஒரு பாயிண்ட் கொடுக்கிறேன்.

---

நிலா_இரண்டாமாண்டு | ஜூலை 11, இரவு 8.45

இங்கே எல்லோரும் படித்து முடித்தவர்களாக இருக்கிறீர்கள். நான் இப்போது படிப்பவள், பி.காம். அதனால் எழுதலாமா என்று யோசித்தேன்.

எங்கள் கல்லூரியில் தலைமை நிகழ்ச்சி எல்லாம் மாலை நாலு மணிக்கு வைப்பார்கள். எங்கள் ஊர் பஸ் 4.10க்கு. அதை விட்டால் அடுத்தது 6.30. ஆறரை பஸ்ஸில் வந்தால் வீட்டில் கேள்வி வரும், மறுநாள் படிப்பையே நிறுத்துகிற பேச்சு வரும். அதனால் எந்த கிளப்பிலும் நான் இல்லை. இருப்பவர்கள் எல்லோரும் விடுதிப் பிள்ளைகள், இல்லையென்றால் வண்டி வைத்திருப்பவர்கள். அப்புறம் ஆங்கிலத்தில் பேசுபவர்கள். தேர்ந்தெடுக்கும்போதே "யாருக்கு நல்லா பேச வரும்?" என்றுதான் கேட்பார்கள். வகுப்புத் தலைவர் என்றால் பையன், அவனுக்குத் துணை என்றால் பெண். இதை யாரும் விதியாக எழுதவில்லை, ஆனால் எங்கும் அப்படியே இருக்கிறது.

எனக்கு வாய்த்தது என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம் மட்டும்தான். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை என்று கணக்கு, அதற்கு மேல் ஏழு நாள் கிராமத்தில் தங்கும் முகாம். பகலில் போய் வரலாம் என்று சார் வீட்டில் பேசியதால் விட்டார்கள். முதல் மூன்று நாள் கோயில் வளாகத்தைக் கூட்டினோம், மரக்கன்று நட்டோம், போட்டோ எடுத்தோம். நாலாம் நாள் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனபோது ஒரு பாட்டி, "நீங்க கூட்டினத நாளைக்கு நாங்களே கூட்டிக்குவோம். எனக்கு ஆறு மாசமா முதியோர் பென்ஷன் வரல, அத எழுதத் தெரியுமா?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவு அப்பாவிடம் கேட்டு, மறுநாள் நானும் இன்னொரு பெண்ணும் மனு எழுதினோம். பாட்டிக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர் வந்தார்கள். பன்னிரண்டு மனு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தோம். அன்றைக்கு வகுப்பு கட், அதற்கு வருகைப் பதிவு கிடைக்கவில்லை.

பன்னிரண்டில் ஐந்து பேருக்குப் பணம் வந்தது. மற்றவர்களுக்கு வங்கிக் கணக்கில் பெயர் மாறியிருந்தது, இன்னும் அலைகிறோம். இது தலைமையா என்று எனக்குத் தெரியாது. முகாம் சான்றிதழில் "மரக்கன்று நடுதல்" என்றுதான் இருக்கிறது.

---

தேநீர்க்கடை | ஜூலை 11, இரவு 9.10

தங்கச்சி, உனக்கு நம்ம கடையில் ஆயுள் முழுக்க டீ இலவசம்.

---

சார்ஜன்ட்_அக்கா | ஜூலை 11, இரவு 9.32

நிலா சொன்ன 4.10 பஸ்தான் இந்த இழையிலேயே முக்கியமான தகவல். கரும்பலகை சார், நீங்கள் எதைத் திட்டமிட்டாலும் வகுப்பு நேரத்துக்குள் வையுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே தலைவராக இருப்பவர்களுக்கே மறுபடி பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

---

பனங்கூடல் | ஜூலை 12, காலை 7.50

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் நிலைமை நேரெதிர். ஒவ்வொரு பீடத்துக்கும் மாணவர் ஒன்றியம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொது ஒன்றியம், வாக்களித்துத்தான் தெரிவு. போர்க் காலத்தில் ஊர் கதைக்கப் பயந்ததை அவர்கள் மேடை போட்டுக் கதைத்தார்கள். 2001 ஜனவரியில் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழர் உரிமை கேட்டு நடந்த பொங்கு தமிழ் நிகழ்வை முன்னின்று செய்ததும் மாணவர்கள்தான். எனவே தேர்தல் கேட்கும் நண்பரின் பக்கம் நானும் நிற்கிறேன்.

ஆனால் ஒன்று. எங்கள் வளாகங்களில் சிரேஷ்ட மாணவர்கள் புதிதாக வரும் பிள்ளைகளை "வழிநடத்துகிறோம்" என்று சொல்லித்தான் பகிடிவதை (ராகிங்) செய்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது, இன்னும் நிற்கவில்லை. தலைமை என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அதில் எதை விளங்கிக்கொள்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். முதலாம் வருடத்தில் வாங்கியதை இரண்டாம் வருடத்தில் திருப்பிக் கொடுப்பதையும் அவர்கள் ஒரு பதவி என்றே நினைக்கிறார்கள்.

---

புதுச்சட்டை | ஜூலை 12, பிற்பகல் 1.18

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022இலிருந்து நடக்கிறதே? அதில் சேர்த்துவிட்டால் போதாதா? எதற்குத் தனியாக?

---

கரும்பலகை | ஜூலை 12, இரவு 9.05

புதுச்சட்டை, அதில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள், பயனும் இருக்கிறது. ஆனால் அது வேலைக்கான திறன் பயிற்சி. எக்செல் தெரிந்த பிள்ளைக்கும் நாற்காலி அடுக்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் கவலை.

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நான் யோசித்திருப்பது இது. பேச்சாளர் கிடையாது. ஐந்து குழுக்கள், குழுவுக்கு எட்டுப் பேர். யார் நன்றாகப் பேசுவார்கள் என்று கேட்க மாட்டேன். விருப்பப்பட்டவர்கள் பெயரை எழுதிப் போட்டுக் குலுக்கல், பாதி இடம் பஸ்ஸில் வருபவர்களுக்கு. கல்லூரிக்குள் இருக்கும் ஒரு பிரச்சினையைக் குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும். குழுவுக்கு 7,000 ரூபாய், மீதி 5,000 கையிருப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு தலைவர், குழுவுக்குள் ரகசிய வாக்கெடுப்பு. செலவுக் கணக்கு வாரம் தவறாமல் அறிவிப்புப் பலகையில். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையை நானே விட்டுக்கொடுக்கிறேன். எங்கே இடிக்கும், சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_முதல்வர் | ஜூலை 13, காலை 10.40

பணத்தில் இடிக்கும். மாணவர் கையில் ரொக்கம் கொடுத்ததாகத் தணிக்கையில் காட்ட முடியாது. உங்கள் பெயரில் முன்பணம் எடுங்கள். பிள்ளைகள் ரசீது கொண்டுவரட்டும், நீங்கள் பணம் கொடுங்கள். நூறு ரூபாய்க்கும் ரசீது வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆட்டோவுக்கு ரசீது தர மாட்டார்கள், அதற்கு ஒரு சொந்தச் சான்று வவுச்சர் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு குழு நிச்சயம் தோற்கும். அதைக் காப்பாற்ற நீங்கள் குதிக்காதீர்கள். இதை நான் செய்ததில்லை, எப்போதும் குதித்துவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன்.

---

கரும்பலகை | அக்டோபர் 18, இரவு 10.50

மூன்று மாதம் ஆகிவிட்டது, கேட்டவர்களுக்காகத் திரும்பி வந்தேன்.

ஐயா சொன்னபடியே ஒரு குழு தோற்றது. நூலகத்தை மாலை ஆறு வரை திறந்து வைக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள். நூலகர் ஒரே ஒருவர், அவரும் பஸ்ஸில் வருபவர் என்பது இரண்டாவது வாரத்தில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அதோடு சுருண்டுவிட்டார்கள். குதிக்கக் கால் துறுதுறுத்தது, குதிக்கவில்லை. இன்னொரு குழுவில் முதல் தலைவரும் இரண்டாவது தலைவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. குடிநீர்க் குழு வேலையை முடித்தது. பெண்கள் ஓய்வறைக் குழு பாதி முடித்தது.

சொல்ல வேண்டியது பஸ் குழு. நிலா, உங்கள் பதிவை அச்செடுத்து அவர்களிடம் கொடுத்தேன். எங்கள் கல்லூரிக்கும் ஒரு 4.10 பஸ் இருக்கிறது. கல்லூரி மணி அடிப்பது 4.05. பத்து நாள் நிறுத்தத்தில் நின்று எத்தனை பேர் பஸ்ஸை விடுகிறார்கள் என்று எண்ணினார்கள், ஊர்வாரியாகப் பட்டியல் போட்டார்கள், பணிமனையில் கிளை மேலாளரைப் போய்ப் பார்த்தார்கள். முதல் தடவை காத்திருக்கச் சொல்லியே அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை பட்டியலை வாங்கிப் பார்த்தார். 4.10ஐ மாற்ற முடியாது, ஆனால் வேறு தடத்தில் போகிற 5.15 வண்டியை வாசல் வழியாகத் திருப்பிவிடுகிறேன் என்றார். இரண்டு வாரமாக வருகிறது. 7,000 ரூபாயில் அவர்கள் செலவழித்தது 212. அப்போது தலைவராக இருந்த பெண் முதல் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை, குலுக்கலில் வந்தவள்.

அறிக்கைக்குப் போட்டோ கேட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நோட்டும் கையுமாக இரண்டு பிள்ளைகள் நிற்கும் படம் ஒன்றுதான் இருந்தது, அதையே கொடுத்தேன். "சிறப்பு விருந்தினர் எங்கே?" என்று கேட்டார்கள்.

குடிநீர்க் குழுவின் கணக்கில் மட்டும் 340 ரூபாய் இடித்தது. பலகையில் யாரோ பென்சிலால் "340 எங்கே?" என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் அதன் கீழேயே "தேடுகிறோம். குடிநீர்க் குழு" என்று பேனாவில் எழுதியிருந்தது.

---

மெஸ்_செயலாளர் | அக்டோபர் 18, இரவு 11.14

எண்ணெய் டின்! கிடைத்ததா சார்?

---

கரும்பலகை | அக்டோபர் 19, காலை 7.30

பெயிண்ட் கடை ரசீது ஒருவனுடைய ரெக்கார்ட் நோட்டுக்குள் இருந்தது. 310க்கு. மீதி 30ஐ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.